சிப்பம்

பதினோரு வருசம்
பழைய சேலைத்துணியை நாலாய் மடித்து வைத்துக்கொண்டுதான்
பரவை மார்க்கெட்டுக்கு வந்து போனேன்.
யாருக்கும் தெரியாது,
அல்லது தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது பிள்ளை பிறந்த பதினேழாம் நாள்
அம்பது கிலோ வெங்காயச் சிப்பத்தை
லாரியிலிருந்து தோளுக்கு வாங்கினேன்.
அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை.
உடம்பு குறித்து வைத்துக்கொண்டது,
கமிஷன் கடைக்காரர் மாதிரி,
வட்டி போட்டு.

முதலில் ஒரு கனம்.
அப்புறம் குளிக்கும்போது கையில் தட்டியது,
முட்டை அளவு, ஈரமாய், சூடாய்,
என்னுடையதுதான், ஆனால் வெளியே.
உள்ளே தள்ளிவிட்டு முகம் கழுவினேன்.
மறுநாளும் தள்ளினேன்.
சோறு வடிக்கப் பழகிய மாதிரி
அதுவும் கைக்குப் பழகிவிட்டது.

தும்மினால் நனையும். சிரித்தால் நனையும்.
சிரிப்பைக் குறைத்துக்கொண்டேன்.
ஒச்சம்மாவுக்கு ஏத்தம் வந்திருச்சு என்றார்கள்
தராசடியில் நிற்கிற பையன்கள்.
சமயநல்லூர் பஸ்ஸில் சீட் இருந்தாலும் நிற்பேன்.
உட்கார்ந்தால்
அதன் மேலேயே உட்கார வேண்டும்.

கண்டுபிடித்தவள் தக்காளிக்கடை ஜெய்லானி பீவி.
அஞ்சு ரூபாய்க் கக்கூஸ் வாசலில்
ஒரே காலையில் மூன்றாம் தடவை என்னைப் பார்த்துவிட்டு
"எத்தனை வருசமா?" என்றாள்.
"எது?" என்றேன்.
"எனக்கு ஆறு" என்றாள்.

பெரியாஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மாவுக்கு
என் மூத்த மகள் வயசுதான் இருக்கும்.
சீட்டின் பின்பக்கம் ஒரு படம் போட்டாள்:
கவிழ்த்த பேரிக்காய், அதன் பின்னால் ஒரு எலும்பு.
"எடுக்க வேண்டாம்மா. மேலே தூக்கி
முதுகுக் கீழெலும்போட சேர்த்துக் கட்டிருவோம்.
வயித்தைக் கிழிக்கப் போறதில்ல. நாலு துளை.
ஒண்ணு வழியா கேமரா போகும்."
வெள்ளையாய் ஒரு துண்டு வலையைக் காட்டினாள்.

"வெங்காய மூட்டை வலை மாதிரி இருக்கு" என்றேன்.
அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.
நனைந்தது.
"அம்பது கிலோ தாங்குமா?"
"வலை கிடக்கட்டும். நீங்க தூக்கக் கூடாது."

கையெழுத்துப் போட வந்த மனுசன்
"ஏன் சொல்லவே இல்ல?" என்று கேட்டார்.
பதினோரு வருசம் ஒரே பாயில் படுத்தவர்.
பேனா மூடியைக் கழற்றிக் கொடுத்தேன்.

தலை கீழே, கால் மேலே சாய்த்தது வரை ஞாபகம்.
தெளிந்தபோது வயிறு அவ்வளவாய் வலிக்கவில்லை.
தோள்பட்டைதான் வலித்தது.
உள்ளே ஏற்றின காற்று அங்கே வலியாய்த் தெரியுமாம்,
இரண்டு நாளில் போய்விடும் என்றாள் நர்ஸ்.
சிப்பம் உட்கார்ந்த அதே தோள்.
யார் யாருக்கோ இறக்கின பாரமெல்லாம்
விடைபெற வந்தது போல
ராத்திரி முழுக்க அங்கேயே நின்றது.

நாலாம் நாள் தும்மல் வந்தது.
கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தும்மினேன்.
காத்திருந்தேன்.
எதிர்க் கட்டிலில் இருந்தவள் என்னையே பார்த்தாள்.
இன்னொரு தடவை, வேண்டுமென்றே இருமினேன்.
துணி காய்ந்தே இருந்தது.

மூன்று மாசம் கழித்து மார்க்கெட்.
சிப்பம் இறக்கப் பையனுக்கு மூட்டைக்குப் பத்து ரூபாய்.
லாபத்தில் பாதி அங்கேயே போகிறது,
அந்தக் கணக்கு இன்னும் கட்டவில்லை.
ஒரு சிப்பத்தின் மேல் உட்கார்ந்து எடை எழுதுகிறேன்.
சிவப்பு வலைக்குள்ளே வெங்காயங்கள்
ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, சிந்தாமல்.

லாரி மறைவில் ஜெய்லானி பீவிக்குத்
தழும்பைக் காட்டினேன். விரலால் எண்ணினாள்.
"கொசு கடிச்ச மாதிரில்ல இருக்கு!"
என்று சொல்லிச் சிரித்தவள்
சட்டென்று முழங்காலைச் சேர்த்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை முதல் பஸ்.
ஓ.பி. சீட்டுக்கு நான் வரிசையில் நிற்கிறேன்,
நீ பெஞ்சில் உட்கார் என்றிருக்கிறேன்.
நின்றுகொள்கிறேன் என்கிறாள்.